மாண்ட்ரியல் 1976: எனித் பிரிகிதாவுக்குச் சேர வேண்டிய தங்கம்

சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் திருமதி கிர்ஸ்டி கோவென்ட்ரி அவர்களுக்கும், குழுவின் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் நடந்த பெண்கள் 100 மீட்டர் ஃபிரீஸ்டைல் இறுதிப்போட்டியின் முடிவு குறித்து இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் பதிவேடுகளின்படி, கிழக்கு ஜெர்மனியின் கோர்னேலியா எண்டர் 55.65 வினாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். அதே நாட்டின் பெட்ரா ப்ரீமர் 56.49 வினாடியில் வெள்ளி பெற்றார். நெதர்லாந்துக்காக நீந்திய எனித் பிரிகிதா 56.65 வினாடியில் வெண்கலம் பெற்றார். கிழக்கு ஜெர்மனி அரசே தன் வீராங்கனைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்துவந்ததால், பிரிகிதாவுக்கு அன்று கிடைத்திருக்க வேண்டியது தங்கம் என்பதும், எவரிடமிருந்தும் எதையும் பறிக்காமலே அதை இன்று வழங்குவதற்குக் குழுவின் சொந்த வரலாற்றில் வழி இருக்கிறது என்பதும் என் வாதம்.

பிரிகிதா கரீபியக் கடலிலுள்ள குராசோ தீவின் வில்லெம்ஸ்டாட் நகரில் 1955இல் பிறந்தவர். பின்னர் நெதர்லாந்தில் குடியேறி அந்நாட்டின் முதல் வரிசை நீச்சல் வீராங்கனையானார். மாண்ட்ரியலில் 100 மீட்டர், 200 மீட்டர் ஆகிய இரண்டு ஃபிரீஸ்டைல் போட்டிகளிலும் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் நீச்சலில் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற இடத்தைப் பெற்றார். கறுப்பினத்தவர் ஒருவர் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வெல்வதைக் காண உலகம் அதன்பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. 1988இல் சியோலில் சூரினாமின் ஆண்டனி நெஸ்டி 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் அமெரிக்காவின் மேட் பியாண்டியை நூறில் ஒரு வினாடியில் முந்தினார். பிரிகிதா மூன்றாவதாகத் தொட்ட அதே 100 மீட்டர் ஃபிரீஸ்டைலில், 2016இல் ரியோவில் அமெரிக்காவின் கறுப்பின வீராங்கனை சிமோன் மனுவேல் கனடாவின் பென்னி ஒலெக்ஸியாக்குடன் 52.70 வினாடியில் சமமாகத் தொட்டுத் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டபோது, அதற்கும் நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பினத்தவருக்கு நீச்சல் வராது என்ற இழிவான கட்டுக்கதை அந்த இடைவெளியில் எத்தனை குழந்தைகளைக் குளத்தின் ஓரத்திலேயே நிறுத்திவைத்தது என்பதை எவரும் கணக்கிட முடியாது.

இனி, அந்தப் போட்டி நேர்மையாக நடக்கவில்லை என்பதற்கான ஆதாரத்துக்கு வருகிறேன். நேரக் கணக்கே போதும் என்பார்கள் சிலர். 1964இல் டான் ஃப்ரேசர் 59.5 வினாடியில் வென்ற இந்தப் போட்டியை 1972இல் சாண்ட்ரா நீல்சன் 58.59 வினாடியில் வென்றார். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு வினாடி குறைந்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில் 2.94 வினாடி குறைந்தது. 1972 மியூனிக்கில் நீச்சலில் ஒரு தங்கம்கூட வெல்லாத கிழக்கு ஜெர்மனிப் பெண்கள், மாண்ட்ரியலில் பதின்மூன்று போட்டிகளில் பதினொன்றை வென்றார்கள். ஆனாலும் இந்த எண்களை மட்டும் வைத்து நான் எவரையும் குற்றம் சாட்ட மாட்டேன். உடலோடு ஒட்டிய நீச்சலுடையும் நீர்க்கண்ணாடியும் அந்த ஆண்டுகளில்தான் வந்தன. மூன்றாவதாக வந்த பிரிகிதாவே நீல்சனின் நேரத்தை ஏறத்தாழ இரண்டு வினாடி குறைத்திருந்தார். கடிகாரம் சந்தேகத்தை மட்டுமே எழுப்பும்.

சந்தேகத்தை உண்மையாக்கியவை கிழக்கு ஜெர்மனி அரசின் சொந்த ஆவணங்கள். 1974இல் ஆளுங்கட்சியின் ஒப்புதலோடு ‘அரசுத் திட்டம் 14.25’ என்ற பெயரில் ஊக்கமருந்து முறைப்படுத்தப்பட்டது. ஜெனாஃபார்ம் நிறுவனம் தயாரித்த ‘ஓரல் டூரினபோல்’ என்ற ஆண் இயக்குநீர் சார்ந்த மாத்திரை, வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் அவர்களுக்கோ பெற்றோருக்கோ சொல்லப்படாமல் கொடுக்கப்பட்டது. பெர்லின் சுவர் விழுந்தபின், முன்னாள் வட்டெறிதல் வீராங்கனை பிரிகிட்டே பெரெண்டோங்கும் அவர் கணவர் விஞ்ஞானி வெர்னர் ஃபிராங்கேயும் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து வெளியிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் கிழக்கு ஜெர்மனி நீச்சல் கூட்டமைப்பின் தலைமை மருத்துவராக இருந்த லோத்தார் கிப்கேயும், அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் ஏவால்டும், விளையாட்டு மருத்துவத் துறையின் முக்கிய அதிகாரி மான்ஃப்ரெட் ஹேப்னரும் உடற்காயம் விளைவித்த வழக்குகளில் ஜெர்மானிய நீதிமன்றங்களால் தண்டிக்கப்பட்டார்கள். 2002இல் ஜெர்மனி நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தனிச் சட்டமே இயற்றியது. ஒரு நாட்டின் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் நடந்தது என்று ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றி உங்கள் முடிவுப் பட்டியலில் ஒரு அடிக்குறிப்புகூட இல்லை.

எண்டர் அன்று பதினேழு வயதுப் பெண். பதின்மூன்று வயதில் மியூனிக்கில் மூன்று வெள்ளி வென்ற அபூர்வத் திறமை அவருடையது. உடல் விரைவில் தேறுவதற்கு என்று சொல்லி ஊசி போட்டார்கள், அதில் என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. திட்டம் தீட்டிய பெரியவர்கள் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வீடு திரும்பியபின், அவர்கள் செய்ததற்கான விலையை அன்றைய சிறுமிகளிடம் வசூலிப்பது எந்த அறத்திலும் சேராது. ஆனால் எண்டருக்கு அநீதி நடந்தது என்பதால் பிரிகிதாவுக்கு நடக்கவில்லை என்றாகிவிடாது. நான்காவதாக 56.81 வினாடியில் வந்த அமெரிக்காவின் கிம் பெய்ட்டனும், ஐந்தாவதாக 56.95 வினாடியில் வந்த அதே நாட்டின் ஷெர்லி பாபாஷாஃபும் இந்தப் போட்டியின் பதக்க மேடையைக் காணாமலே திரும்பினார்கள். சந்தேகத்தை வெளிப்படையாகச் சொன்னதற்காகப் பாபாஷாஃபைத் தோல்வி தாங்காதவர் என்று அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே எள்ளின. அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தபின், எள்ளியவர்களில் எத்தனை பேர் அதே பக்கங்களில் வருத்தம் தெரிவித்தார்களோ!

1998இல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஒலிம்பிக் அமைப்புகள் இத்தகைய முடிவுகளைத் திருத்தக் கோரியபோது குழு மறுத்துவிட்டது. ஏவால்டு மீதான தீர்ப்பு வந்தது அதற்குப் பிறகுதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். ஊக்கமருந்து வழக்குகளுக்கு இன்றுள்ள பத்தாண்டு வரம்பு மாண்ட்ரியலைத் தொடாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வரம்பு நியாயமானது. எந்த வீரரும் வாழ்நாள் முழுவதும் விசாரணைக்கு அஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் வரம்பு காப்பது குற்றம் சாட்டப்படுபவரை. எவரையும் குற்றம் சாட்டாமல், எவர் பதக்கத்தையும் நீக்காமல், விடுபட்டவருக்கு மட்டும் பதக்கம் வழங்குவதற்கு அது எப்படித் தடையாகும்?

அப்படி வழங்குவது புதிதும் அன்று. 1912 ஸ்டாக்ஹோமில் வென்ற அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தார்ப்பின் பதக்கங்களை 1913இல் பறித்த குழு, 1982இல் அவரை ஏற்கெனவே தங்கம் பெற்றிருந்தவர்களோடு இணை வெற்றியாளராக அறிவித்தது. 2022இல், போட்டி முடிந்து 110 ஆண்டுகளுக்குப் பின், அவரையே தனி வெற்றியாளராக்கியது. தார்ப்புக்கு உதவியதே முடிவுகளை எதிர்த்து முறையிடுவதற்கு 1912ஆம் ஆண்டு விதியிலிருந்த முப்பது நாள் காலக்கெடுதான், எனவே இந்த எடுத்துக்காட்டு எனக்கு எதிரானது என்று உங்கள் சட்ட ஆலோசகர்கள் சொல்லக்கூடும். காலக்கெடுவைப் பொறுத்தவரை அது சரியே. ஒருவரை நீக்காமல் இன்னொருவரைச் சேர்க்கலாம் என்பதைப் பொறுத்தவரை தார்ப் என் பக்கம் நிற்கிறார். இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு நீர் விளையாட்டிலேயே இருக்கிறது. 1992 பார்சிலோனாவில் ஒருங்கிணைந்த நீச்சலின் தனிநபர் பிரிவில், நடுவர் ஒருவர் மதிப்பெண்ணைத் தவறாக அழுத்தியதால் கனடாவின் சில்வி ஃப்ரெஷெட்டுக்கு வெள்ளிதான் கிடைத்தது. 1993இல் அவருக்குத் தங்கம் வழங்கப்பட்டது. அமெரிக்காவின் கிறிஸ்டன் பாப்-ஸ்பிரேக்கிடமிருந்த தங்கம் அவரிடமே இருந்தது. 2002 சால்ட் லேக் சிட்டியில் இணையர் பனிச்சறுக்கு நடனத்தில் கனடிய இணைக்கு இரண்டாவது தங்கம் தரப்பட்டதும் இதே முறையில்தான். விரல் தவறி ஒரு பொத்தானை அழுத்தியதற்கு இருக்கும் பரிகாரம், ஓர் அரசு திட்டமிட்டுச் செய்த மோசடிக்கு இல்லாமல் போவது விந்தை.

தாமதமாக வரும் பதக்கத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் எங்களுக்கு விடை தெரியும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கலப்பு 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற இந்திய அணியில் திருச்சி மாவட்டத்து ஆரோக்கிய ராஜீவ் இருந்தார். பஹ்ரைன் அணி ஊக்கமருந்து காரணமாகத் தகுதியிழந்ததால் 2020இல் அது தங்கமானது. லண்டன் 2012இன் 400 மீட்டர் தடை ஓட்டத் தங்கத்தை லஷிண்டா டீமஸுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2024இல் பாரிஸில் மக்கள் முன்னிலையில் அணிவித்தவர்களும் நீங்களே.

‘இதை ஏற்றால் எங்கே நிறுத்துவது?’ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். 1976 முதல் 1988 வரை நூற்றுக்கணக்கான முடிவுகள் கேள்விக்குள்ளாகும். மற்ற நாட்டவர் எல்லோரும் தூயவர்கள் என்றும் எவரும் உறுதி சொல்ல முடியாது. எனவே, அரசே நடத்தியதாக ஆவணமும் தீர்ப்பும் உறுதிசெய்துள்ள போட்டிகளை மட்டும் ஒரு சுயாதீனக் குழு ஆராயட்டும். தொடக்கமாக இந்த ஒரு போட்டியை எடுத்துக்கொள்ளட்டும். பிரிகிதாவுக்கு இணைத் தங்கமும், பெய்ட்டனுக்கு இணை வெள்ளியும், பாபாஷாஃபுக்கு இணை வெண்கலமும் வழங்குங்கள். எண்டர், ப்ரீமர் ஆகியோரின் இடங்கள் அப்படியே இருக்கட்டும். அக்காலக் கிழக்கு ஜெர்மனியின் அரசுத் திட்டம் பற்றிய ஒரு குறிப்பை மட்டும் அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலில் சேருங்கள்.

திருமதி கோவென்ட்ரி அவர்களே, இந்தக் குழுவின் தலைமைக்கு வந்த முதல் பெண்ணும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் தலைவரும் நீங்கள். நீச்சலில் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர் என்பதால், பிரிகிதாவை வெள்ளியிலிருந்து பிரித்த 0.16 வினாடி வித்தியாசத்தின் பொருளை உங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மாண்ட்ரியல் போட்டிக்கு 2026ஆம் ஆண்டு ஐம்பதாம் ஆண்டு. பெய்ட்டன் 1986இலேயே இறந்துவிட்டார். பிரிகிதா எழுபது வயதைக் கடந்துவிட்டார். இந்தக் கோரிக்கையைச் செயற்குழுவின் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறும், மறுப்பதாயின் காரணங்களை எழுத்து வடிவில் பொதுவெளியில் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்புடன்,
நீச்சலைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு தமிழ் வாசகர்