திருப்பிக் கொடுத்தாலும் அபராதம்: மாணவர் டிக்கெட் மாற்று விதிகள் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், டிக்கெட் அலுவலகம், பல்கலைக்கழக விளையாட்டுத் துறை

அனுப்புநர்: அமெரிக்கக் கால்பந்து மாணவர் சீசன் டிக்கெட் வாங்கியவர்கள்

பொருள்: டிக்கெட் திருப்புதல், கைமாற்றுதல், அபராதப் புள்ளி விதிகளைத் திருத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

ஆட்டத்துக்கு வர முடியாத மாணவர் வியாழன் மாலை 5 மணிக்குள் டிக்கெட்டைத் திருப்பிவிட வேண்டும் என்பது உங்கள் விதி. அதைச் செய்தவர்களுக்கும் அபராதப் புள்ளி விழுகிறது என்பதே எங்கள் முதல் புகார். திருப்பிய டிக்கெட்டை இன்னொரு மாணவர் எடுத்தால்தான் கணக்கு தீரும். எடுக்க ஆளில்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அது திருப்பியவரின் கணக்குக்கே வந்து சேர்கிறது. சனிக்கிழமை கேட்டில் ஸ்கேன் ஆகாததால் ஒரு புள்ளி. மூன்று சேர்ந்தால், சீசன் முடிவில் நடக்கும் பவுல் (சிறப்பு ஆட்டம்), பிளேஆஃப் (சாம்பியன் பட்டச் சுற்று) ஆட்டங்களின் டிக்கெட்டுக்கான குலுக்கலில் பெயரே இருக்காது.

பரம எதிரி அணி வரும் வாரம் திருப்பிய டிக்கெட்டைக் கொத்திக்கொண்டு போக ஆள் காத்திருப்பார்கள். பணம் கொடுத்து வரவழைத்த சிறிய அணியோடு, செப்டம்பர் வெயிலில், நண்பகல் 12 மணி ஆட்டம் என்றால் யார் எடுப்பார்கள்? புள்ளிகள் குவிவதெல்லாம் இந்த ஆட்டங்களில்தான். அட்டவணை போட்டது நீங்கள், அபராதம் எங்களுக்கு.

நேரச் சிக்கலும் இருக்கிறது. சீசன் டிக்கெட்டுக்குக் கோடைக்கு முன்பே பணம் வாங்கிவிடுகிறீர்கள். பருவத் தொடக்க வாரங்களைத் தவிர மற்ற ஆட்டங்களின் தொடக்க (கிக்-ஆஃப்) நேரத்தைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பெரும்பாலும் 12 நாள் முன்னால், சில சமயம் 6 நாள் முன்னால்தான் சொல்கின்றன. அந்த 6 நாள் வாரத்தில் ஞாயிறன்று நேரம் தெரிந்து, வேலை ஷிப்டை மாற்றிக் கேட்டு, பதில் வருவதற்குள் வியாழன் முடிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தவருக்கு வழியே இல்லை. அச்சிட்ட டிக்கெட் காலத்தில் இந்தக் கெடுவுக்குக் காரணம் இருந்தது. டிக்கெட் போனுக்குள் வந்தபின் கேட் திறக்கும்வரை கைமாற்றத்தை அனுமதிப்பதில் என்ன தடை?

நண்பருக்கு நேரடியாக அனுப்புவதில் மூன்று கோளாறுகள். ஒன்று, அவர் ஏற்றுக்கொண்டு வராமல் போனாலும் புள்ளி அனுப்பியவருக்கே. இரண்டு, பெறுபவரிடம் அதே ஆட்டத்துக்கு டிக்கெட் இருந்தால் கணினி மறுக்கிறது; ஆனால் திரையில் வருவது ‘பிழை, மீண்டும் முயலவும்’ மட்டுமே. மறுப்பின் காரணத்தை ஒரு வரியில் காட்டினால் உங்கள் உதவி எண்ணுக்குப் பாதி அழைப்பு குறையும். மூன்றாவது, கைமாற்றிய டிக்கெட் திரும்பி வந்தால் பார்கோடு மாறிவிடுகிறது, ஆனால் போன் வாலட்டில் பழைய பாஸ் அப்படியே நிற்கிறது. அதை நீட்டினால் கேட்டில் சிவப்பு விளக்கு. புதியதை இறக்கலாம் என்றால், அத்தனை ஆயிரம் பேர் கூடிய இடத்தில் நெட்வொர்க் கிடைப்பதில்லை. அப்போது ஊழியர்கள் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுகிறார்கள், நல்லது. ஆனால் ஸ்கேன் பதிவு இல்லாததால் ஆட்டம் முழுக்க உட்கார்ந்து பார்த்தவரும் வராதவர் பட்டியலில் சேர்கிறார்.

மாணவரல்லாத விருந்தினருக்குத் தர, டிக்கெட்டைப் பொது டிக்கெட்டாக மாற்றும் கட்டணம் எந்த ஆட்டமானாலும் 40 டாலர். சலுகை விலை டிக்கெட் கள்ளச்சந்தைக்குப் போகக் கூடாது என்ற நோக்கம் சரியே. ஆனால் சிறிய அணி ஆட்டத்துக்கு மறுவிற்பனையில் பொது டிக்கெட்டே அதைவிட மலிவு. நவம்பர் இறுதியில் நன்றி தெரிவிக்கும் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை வாரத்தில் விடுதிகள் காலியாகி, வெளியார் டிக்கெட்டுக்கு அலையும்போதோ, மாற்றும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறீர்கள்.

காலி இருக்கை தொலைக்காட்சியில் அசிங்கமாகத் தெரிகிறது என்ற உங்கள் கவலை புரிகிறது. 2019-ல் அலபாமா பல்கலைக்கழகம் ஆட்டத்தின் கடைசியான நான்காம் கால்பகுதிவரை இருக்கும் மாணவர்களுக்கு ஆப் வழியாக ஊக்கப் புள்ளி கொடுத்தது. போனின் இருப்பிடத்தைக் கண்காணித்ததால் அதற்கும் எதிர்ப்பு வந்தது. கண்காணிப்பை விட்டுவிட்டு ஊக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே.

எங்கள் கோரிக்கைகள்: கெடுவுக்குள் திருப்பிய டிக்கெட்டை யாரும் எடுக்காவிட்டாலும் புள்ளி போடக் கூடாது. கைமாற்றம் முடிந்தபின் பொறுப்பு பெற்றவருடையது. கெடு, கேட் திறக்கும் நேரம்வரை. மாற்றுக் கட்டணம், அந்தந்த ஆட்டத்தின் பொது விலைக்கும் மாணவர் விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். கையால் உள்ளே விடுபவர்களின் அட்டை எண்ணைக் கேட்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை விழுந்த புள்ளிகளில், திருப்பியும் யாரும் எடுக்காததால் விழுந்தவற்றை உங்கள் பதிவேட்டிலிருந்தே பிரித்தெடுக்க முடியும். பவுல் குலுக்கலுக்கு முன் அவற்றை நீக்கி, எழுத்தில் பதில் தரக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர் சீசன் டிக்கெட் வாங்கியவர்கள்