ஹர்ஷரின் கையெழுத்துக்கு அரைப் பக்கம் கொடுங்கள்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பரீட்சைக்கு முந்தின நாள் என் மகளை ஹர்ஷர் பாடம் ஒப்பிக்கச் சொன்னேன். "606 முதல் 647 வரை, தலைநகர் கன்னோசி, வட இந்தியா முழுவதையும் ஆண்டார்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "முழுவதையும்னு யாருப்பா சொன்னது?" என்றாள். புத்தகத்தைப் புரட்டினேன். பதில் இல்லை.

சொன்னவர்கள் சாளுக்கியர்கள். ஹர்ஷரைத் தெற்கே வரவிடாமல் தடுத்த இரண்டாம் புலிகேசியின் வாரிசுகள்தான் தங்கள் சாசனங்களில் அவரை வடபுலம் முழுவதற்கும் அதிபதி என்று எழுதிவைத்தார்கள். தோற்றவன் பெரியவனாக இருந்தால்தானே ஜெயித்தவனுக்குப் பெருமை? உண்மையில் காஷ்மீரம் ஹர்ஷரிடம் இல்லை. காமரூபத்து (இன்றைய அஸ்ஸாம்) பாஸ்கரவர்மன் நட்பு மன்னன். 634-ஆம் ஆண்டு ஐஹொளே கல்வெட்டில் புலிகேசியின் கவிஞர் ரவிகீர்த்தி ஒரு சிலேடையே போட்டிருக்கிறார். ஹர்ஷம் என்றால் மகிழ்ச்சி. போர்க்களத்தில் யானைகள் விழுந்ததைப் பார்த்து ஹர்ஷனுக்கு ஹர்ஷம் போய்விட்டதாம்! பிள்ளைகள் இதை மறப்பார்களா?

மற்ற இரண்டு சாட்சிகளும் ஹர்ஷருக்கு வேண்டியவர்கள். பாணர் அரசவைக் கவிஞர். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் விருந்தாளி. பிரயாகையில் ஹர்ஷர் எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு, தங்கை ராஜ்யஸ்ரீயிடம் பழைய துணி வாங்கி உடுத்திக்கொண்டார் என்பது யுவான் சுவாங் வழியாக வந்த செய்தி. சரி, நம்புவோம். ஆனால் அதே யுவான் சுவாங் கங்கையில் படகுக் கொள்ளையரிடம் சிக்கி, துர்க்கைக்குப் பலியாகாமல் மயிரிழையில் தப்பியதையும் பக்கத்திலேயே போடுங்கள். அப்போது அந்த ஆட்சி கொஞ்சம் நிஜமாகத் தெரியும்.

அப்புறம், பான்ஸ்கேரா செப்பேடு. ஓர் ஊரை இரண்டு பிராமணர்களுக்குக் கொடுத்த 628-ஆம் ஆண்டு ஆவணம். கடைசியில் 'மகாராஜாதிராஜன் ஸ்ரீ ஹர்ஷனாகிய என் சொந்தக் கை' என்று கையெழுத்து. எழுத்துகள் கொடி மாதிரி மேலும் கீழும் நீண்டு சுழல்கின்றன. செல்பேசியில் பெரிதாக்கிக் காட்டினேன். பாடத்தை விட்டுவிட்டு அதை நோட்டில் வரைய உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த பதிப்பில் அந்தப் படத்தைச் சேருங்கள். அரைப் பக்கம் போதும். 'கோடிட்ட இடங்களை நிரப்புக' பகுதியில் நாலைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்