கொடுத்தாளா, கொடுப்பாளா?

அன்புள்ள செல்வி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாமே, நிம்மதி. இப்போது என் கதையைக் கேள். போன வாரம் ஒரு தாத்தாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையை இரண்டாம் தடவையும் கொடுத்திருப்பேன்.

இரவுப் பணி முடிந்து கிளம்பிய, அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பெண், கோட்டை மாட்டிக்கொண்டே, "ஐம் ஆஃப்டர் கிவிங் ஹிம் த டேப்லெட்" என்றாள். 'ஆஃப்டர்' என்றால் பிறகுதானே? இனிமேல்தான் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டும் விட்டேன். மருந்து சார்ட்டைத் திறந்தால் அவள் கையெழுத்து இருக்கிறது, காலை 6 மணி என்று. அயர்லாந்தில் அப்படிச் சொன்னால் 'இப்போதுதான் கொடுத்தேன்' என்று பொருளாம்! ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குள் குடிவந்துவிட்டது. என் கை நடுக்கம் நிற்க அரை மணி ஆயிற்று.

அதே தாத்தா ஒரு நாள் "ஐ வாக் டு த சர்ச்" என்றார். நானும் 'சர்ச்சுக்கு நடந்து போகிறார்' என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அவரோ சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர். அவர் சொன்னது 'வாக்ட் டு', அதாவது ஒரு காலத்தில் நடந்து போனாராம். கடைசி 'ட்'டை அடுத்த 'டு' விழுங்கிவிட்டது. சிரிக்காதே.

நம் 'கிறு கின்று' டீச்சர்தான் நினைவுக்கு வந்தார். தமிழில் காலம் இடைநிலையாகச் சொல்லின் நடுவே உட்கார்ந்திருக்கிறது, பின்னால் விகுதி காவல். ஆங்கிலத்தில் வாலில் கட்டிவிட்டார்கள். வேகமாகப் பேசினால் வால்தான் முதலில் அறுகிறது. நாமோ 'வாக்டு' என்று உகரம் சேர்த்து அந்த வாலை நீட்டிப் பேசியவர்கள்.

இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. 'ஹி' என்று தொடங்கி வினையில் 'ஸ்' கேட்கவில்லையென்றால் அநேகமாக இறந்தகாலம். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால், நம் புணர்ச்சி விதிபோல மெய்மேல் உயிர் ஏறி, 'வாக்ட் இன்' என்பது 'வாக்டின்' ஆகி 'ட்' தானே வெளியே வரும். 'ஐ' என்று தொடங்கினால்தான் சங்கடம். 'எஸ்டர்டே' ஏதாவது வருகிறதா என்று வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மருந்து விஷயத்தில் மட்டும் காதை நம்புவதில்லை, சார்ட்தான். அந்தப் பெண்ணோ இப்போது என்னைக் கண்டாலே கட்டைவிரலை உயர்த்தி "டன், டன்" என்கிறாள்.

டீச்சரைப் பார்த்தால் இதைச் சொல். அன்று இடைநிலைக்காக வைத்த கொட்டு இன்னும் வலிக்கிறது என்றும் சொல்.

உன்,
வசந்தா