இரவு ரயிலில் அலறும் கைபேசிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் கண் அறுவை சிகிச்சை முடிந்த என் தாயாரைச் சென்ற மாதம் எழும்பூரிலிருந்து இரவு ரயிலில் திருநெல்வேலிக்கு அழைத்து வந்தேன். படுக்கை வசதிப் பெட்டியில் விளக்குகளை அணைத்த பிறகும், எதிர் இருக்கையில் இருந்த இளைஞர் ஒருவர் இயர்போன் இல்லாமல் குறுங்காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரே சிரிப்பொலி, ஒரே பாட்டின் இரண்டு வரிகள் என்று விழுப்புரம் தாண்டியும் அது ஓயவில்லை. "தம்பி, அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கோங்க" என்று கேட்டேன். குறைத்தார்; பத்தே நிமிடத்தில் மீண்டும் கூட்டினார். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த என் தாயார் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனையைச் சொல்லி முடியாது.

இது இளைஞர்கள் மட்டும் செய்யும் தவறு அன்று. அதே பெட்டியில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தம் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் பெட்டி முழுவதும் கேட்கும்படி ஒவ்வொரு இலக்கமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். அது பிறருக்குத் தொல்லை என்பதோடு அவருக்கே ஆபத்து என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. காது மந்தமான முதியவர்கள் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் ஸ்பீக்கரில் பேசுவதை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு வேறு வழியில்லை. நான்கு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் ரயிலில் உரக்கப் பேசக் கூடாது, இயர்போன் இல்லாமல் பாட்டோ காணொளியோ போடக் கூடாது, இரவு விளக்கைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட வேண்டும் என்று ரயில்வே வாரியம் 2022ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. பயணிகள் இதைப் பின்பற்றும்படி பார்த்துக்கொள்வது டிக்கெட் பரிசோதகர் உள்ளிட்ட ரயில் ஊழியர்களின் பொறுப்பாகும். ஆனால் அன்று என் பயணச்சீட்டைச் சரிபார்த்த பரிசோதகர், அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்று பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். 139 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்பது எனக்குத் தெரியும். எனினும், விடியும் வரை எதிரே படுத்திருக்கப் போகிறவர்மேல் புகார் கொடுக்க, நோயாளியோடு தனியாகப் பயணம் செய்யும் ஒரு பெண்ணுக்கு எப்படித் துணிவு வரும்?

கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம், அம்மாநில உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலை ஏற்று, 2021 நவம்பரில் பேருந்துகளில் கைபேசி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தத் தடை விதித்தது. நடத்துநர் சொல்லியும் கேட்காதவரை வழியிலேயே இறக்கிவிடலாம் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. தட்டிக்கேட்க வேண்டியவர் யார் என்பது அங்கே தெளிவாக இருப்பதால், பயணிகள் தங்களுக்குள் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

ஆகவே, தெற்கு ரயில்வே அதிகாரிகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பரிசோதகர் பயணச்சீட்டுப் பார்க்க வரும்போதே, பத்து மணிக்கு மேல் இயர்போன் கட்டாயம் என்று பெட்டியின் ஒவ்வொரு பகுதியிலும் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். சீருடையில் இருப்பவர் சொன்னால், என்னைப் போன்றவர்கள் நள்ளிரவில் கெஞ்ச வேண்டிய நிலை வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி.