பசுமைக்குடில் கூரையில் விழும் மழை எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசுமைக்குடிலில் குடைமிளகாய் சாகுபடி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ரகம், மானியம், ஏக்கருக்கு எத்தனை டன், பெங்களூரு மார்க்கெட் விலை எல்லாம் இருந்தது. தண்ணீருக்கு மட்டும் 'சொட்டுநீர் அமைக்க வேண்டும்' என்று ஒரே வரி. எங்கள் ஓசூர், தளி, பேரிகை பக்கம் குடில் போட்டவர்கள் முதல் இரண்டு வருஷம் நன்றாக எடுத்துவிட்டு மூன்றாவது, நான்காவது வருஷத்தில் திணறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காரணம் பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

வெளிநிலத்தில் போர்வெல் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மழை வந்து அலசிவிட்டுப் போய்விடும். குடிலுக்குள் மழை விழுவதே இல்லை. ஈ.சி. என்பது தண்ணீரிலோ மண்ணிலோ கரைந்திருக்கும் உப்பை மின்சாரம் கடத்தும் திறனை வைத்துக் காட்டும் எண். ஈ.சி. 1.5 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் உப்பு இருக்கும், ஒரு ஏக்கர் குடைமிளகாய்க்கு நாளைக்கு 10,000 லிட்டர் விடுகிறோம் என்று வைத்துக்கொண்டால் தினமும் 10 கிலோ, பத்து மாதப் பயிருக்கு 3 டன் உப்பை நாமே பாத்தியில் கொட்டுகிறோம், இதில் உரம் சேரவில்லை. செடி தனக்கு வேண்டிய கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொள்ளும், சோடியமும் குளோரைடும் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும். குடைமிளகாய் உப்பைத் தாங்கும் பயிரும் அல்ல. மண்ணின் ஈ.சி. 1.5-ஐத் தாண்டிவிட்டால் அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் 14 சதவீதம் குறையும் என்பது உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கணக்கு. தக்காளி 2.5 வரை பொறுத்துக்கொள்ளும்.

இது புரியாமல் செய்யும் மண் வைத்தியம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. இலை ஓரம் கருகினால் நுண்ணூட்டம் என்று ஒரு பாட்டில், வளர்ச்சி நின்றால் ஹ்யூமிக் அமிலம் என்று இன்னொரு பாட்டில், அதுவும் போதாவிட்டால் ஜிப்சம். மண்ணில் சோடியம் அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்தால் ஜிப்சம் நல்ல மருந்து, அதைப் போட்ட பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசவும் வேண்டும். சோடியம் பிரச்சினை இல்லாத மண்ணில் அதுவும் ஒரு உப்புதான். சரியாக மக்காத கோழி எருவைக் கொட்டுவதும் இதே கதை.

அப்புறம் நூற்புழு, அதாவது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. நடுப்பகலில் செடி வாடினால் உடனே தண்ணீரைக் கூட்டுகிறார்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் போதும், முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, வேர் இருக்கும் தண்ணீரையே இழுக்க முடியாமல் நிற்கிறது, மேலும் மேலும் விட்டால் இருக்கிற வேரும் மூச்சுமுட்டி அழுகும். வருஷாவருஷம் அதே பாத்தியில் அதே பயிர் வைத்தால் இது வராமல் என்ன செய்யும்? முன்பு உலகமெங்கும் இதற்கு மீத்தைல் புரோமைடு புகை போட்டார்கள், ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகளிலும் 2015-க்குள் மண்ணுக்குப் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஃபார்மலின் ஊற்றினால் கெட்டதோடு நல்ல நுண்ணுயிரும் போய்விடும். நம் ஊருக்குத் தோதானது வெயில்தான். ஏப்ரல், மே மாதத்தில் பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரித் தெளிவான மெல்லிய ஷீட்டை ஒட்டி விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, குடிலையும் அடைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கறுப்பு ஷீட் வேண்டாம், அது வெயிலை மேலேயே பிடித்துக்கொள்ளும். காய்ந்த மண்ணிலும் செய்யாதீர்கள், ஈரம் இருந்தால்தான் சூடு கீழே இறங்கும். அது முடிந்த கையோடு வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பர்ப்பூரியோசில்லியம் ஆகிய நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கலந்து இட்டால் காலியாகக் கிடக்கும் மண்ணில் முதலில் நல்லவை குடியேறும்.

ஆனால் எந்த வைத்தியம் செய்தாலும் மறுநாள் காலையில் அதே உப்புத் தண்ணீரைத்தானே திறந்துவிடப் போகிறோம். ஆகவே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கூரையைப் பற்றி. ஒரு ஏக்கர் குடிலின் கூரை 4,000 சதுர மீட்டர். எங்கள் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. பெருக்கிப் பாருங்கள், 32 லட்சம் லிட்டர்! நான் மேலே சொன்ன பத்து மாதத் தேவை 30 லட்சம் லிட்டர். சிந்தியது, ஆவியானது என்று ஒரு பங்கைக் கழித்தாலும் பாதிக்கு மேல் நிற்கும். மழைத் தண்ணீரில் உப்பு இல்லை என்றே சொல்லலாம், ஈ.சி. 2 உள்ள போர்வெல் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் 1-க்கு வந்துவிடும், சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் சொட்டும் டிரிப்பரில் சுண்ணாம்பு படிந்து அடைப்பதும் குறையும், அதற்காக ஆசிட் விடும் செலவும் குறையும். இத்தனையும் இருக்க, கூரை இணைப்பில் இருக்கும் மழைநீர் வடிகாலிலிருந்து அந்தத் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்கு விட்டுவிட்டு 1,000 அடிக்குப் போர் போடுகிறோம்.

அந்தத் தண்ணீரைச் சேமிக்கக் குட்டை வெட்டுங்கள் என்றால் குட்டைக்கு இடம் போகும் என்பார்கள், அதில் ஷீட் விரிக்கச் செலவு என்பார்கள். உண்மைதான். ஆனால் பண்ணைக்குட்டைக்கு ஒரு பக்கம் மானியம் இருக்கிறது, குடிலுக்கு இன்னொரு பக்கம் மானியம் இருக்கிறது, இரண்டையும் ஒரே விண்ணப்பமாக ஆக்கினால் என்ன என்பதே தோட்டக்கலைத் துறைக்கு என் கேள்வி. கம்பி நடுவதற்கு முன்பே தண்ணீர்ப் பரிசோதனையும் மண்ணில் நூற்புழுப் பரிசோதனையும் கட்டாயம் ஆகட்டும். ஈ.சி. 2-க்கு மேல் இருந்தால் குட்டை இல்லாமல் குடிலுக்கு அனுமதி வேண்டாம். கூடவே ஒரு ஈ.சி. மீட்டரும் கொடுத்துவிடுங்கள், குடிலுக்கு ஆகும் செலவில் அது ஒன்றுமே இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு வெற்றிக் கதை எழுதும்போது அந்த விவசாயியின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கி, அந்த எண்களையும் விளைச்சல் கணக்குக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஓசூர்.