அட்வான்ஸ் கேட்பவரிடம் சட்டம் பேசலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வாடகைக்கு வீடு தேடுவோருக்குச் சென்ற இதழில் யோசனைகள் சொல்லியிருந்தீர்கள். ‘சட்டம் தெரிந்திருந்தால் ஏமாற வேண்டியதில்லை’ என்று அதில் ஒரு வரி. எழுதியவர் சொந்த வீட்டில் இருப்பவர் போலிருக்கிறது. சந்தோஷம்.

எனக்குச் சட்டம் தெரியும் ஐயா. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வேளச்சேரியில் வீடு பார்த்தபோது இதை மெதுவாகச் சொன்னேன். ஓனர் துபாயில் இருக்கிறார். பேசியதெல்லாம் அவருடைய மேனேஜர். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அந்த வரம்பு கிடையாது என்று அதே பிரிவில் இருக்கிறதே, அது அவருக்கு மனப்பாடம். பத்து மாத அட்வான்ஸ் என்று டைப் செய்த பத்திரத்தை நீட்டினார். மாடிப்படியில் இன்னொரு குடும்பம் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் வைத்தால் அவர் பெயர், எதற்கெல்லாம் அதிகாரம், அதற்கான ஆதாரம் எல்லாம் குடியிருப்பவருக்கு ஓனர் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கேட்டேன். “பிடிக்கலைன்னா வேற வீடு பாருங்க சார்” என்பதுதான் எனக்குக் கிடைத்த ஆதாரம்.

முந்தைய வீட்டுக் கதை வேறு. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். எனக்குத் தவணை முறையில் வந்தது, அதுவும் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு. வெள்ளையடிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் அட்டவணை ஓனர் தலையில்தான் வைத்திருக்கிறது. அப்புறம் அங்கே குடிவந்தவர் சொன்னார், சுவரில் என் பேரன் கிறுக்கிய யானை அப்படியே இருக்கிறதாம். கரண்டுக்கு ஓனர் தனியாக மாட்டிய சப்-மீட்டரில் அவர் வைத்ததுதான் யூனிட் விலை. அரசு தரும் 100 யூனிட் இலவசம் அங்கே யாருக்குப் போனது என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஒப்பந்தத்தை, இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னால், “பதினொரு மாசத்துக்கு எதுக்கு சார் பதிவு?” என்கிறார்கள். எத்தனை மாதமானாலும் பதிவு வேண்டும் என்பது உங்கள் யோசனைகளில் இடம்பெறவில்லை. பக்கத்திலிருந்த அடுக்குமாடி விளம்பரத்துக்கு இடம் தேவைப்பட்டிருக்கும்.

அடுத்த இதழிலாவது, எந்தப் பகுதிக்கு எந்த வாடகை அதிகாரி, அலுவலகம் எங்கே என்று ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் இது.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர், சென்னை