வழி பார்த்து வரட்டும் பிள்ளைகள்

புளியரை, செங்கோட்டை வட்டம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியை வரையச் சொன்னேன். வயல் வழியே நடந்து வருகிறவர்கள் மதகு, பம்புசெட், ஒற்றைப் பனை, மாடன் பீடம் என்று தாளை நிறைத்துவிட்டார்கள். வேனிலும் ஆட்டோவிலும் வருகிற பலர் வரைந்தது ஒரு வீடு, ஒரு பள்ளிக்கூடம், நடுவில் ஒரு கோடு. ஒருத்தி மட்டும் சோதனைச் சாவடியைச் சேர்த்திருந்தாள். கேரளா போகும் லாரிகளுக்குப் பின்னால் வேன் நிற்கும்போதுதான் வெளியே பார்ப்பாளாம்.

இது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

1971-இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப், எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் சில செல்களைக் கண்டார். எலி ஒரு மூலைக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும், அதாவது மின்துடிப்பு எழுப்பும். வேறு மூலைக்குப் போனால் வேறொரு செல். இவற்றை இடச் செல்கள் என்கிறோம். பின்னால் வந்த சோதனைகளில், எலியை வட்டத் தொட்டியில் விட்டு, அதன் சுவரில் ஒட்டிய அட்டையை வேறு பக்கம் மாற்றி வைத்தார்கள். செல் துடிக்கிற இடமும் அட்டையோடு சேர்ந்து திரும்பியது. அதாவது, கண்ணில் படும் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூளை தன் வரைபடத்தை நிறுத்துகிறது. விளக்கை அணைத்தாலும் பல செல்கள் பழைய இடத்திலேயே துடிக்கின்றன. நடந்த தூரத்தையும் திரும்பிய திருப்பத்தையும் மூளை கணக்கில் வைத்திருப்பதால்தான் அது முடிகிறது.

2005-இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் இன்னொரு வகையைக் கண்டார்கள். அந்தச் செல் ஒன்று துடித்த இடங்களையெல்லாம் குறித்துப் பார்த்தால், வாசலில் இடுக்குப் புள்ளி வைப்போமே, அதே ஒழுங்கு! முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஆச்சியின் மார்கழிக் கோலம்தான் நினைவுக்கு வந்தது. 2014-இல் இந்த மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதர்களுக்கும் இந்த ஹிப்போகேம்பஸ் பகுதி உண்டு. ஊரின் தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்கும் லண்டன் டாக்சி ஓட்டுநர்களுக்கு அதன் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

வெளியே பார்க்காமல் வண்டியில் வரும் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள அடையாளமும் இல்லை, நடந்த கணக்கும் இல்லை. அதுதான் என் கவலை. சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வரும் சனி, ஞாயிறு ஒரு நாளாவது பிள்ளையோடு பள்ளிக்கூடம் வரை நடந்து வாருங்கள். பிள்ளை முன்னால் போகட்டும். தப்பாகத் திரும்பினாலும் கொஞ்ச தூரம் விட்டுப் பிடியுங்கள். மெயின் ரோட்டில் லாரி அதிகம் என்பதால் வரப்பு வழியே வாருங்கள், தனியாக மட்டும் அனுப்ப வேண்டாம். வேனில் வருகிற பிள்ளைகளின் கையில் போன் கொடுக்காதீர்கள். வயல்களின் பெயர்களை வீட்டில் இருக்கும் ஆச்சி, தாத்தா சொல்லிக்கொடுத்தால் ரொம்ப நல்லது.

திங்கட்கிழமை மறுபடியும் வரையச் சொல்வேன். தாள், கலர் பென்சில் இங்கேயே தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்